நிகழ்த்தியவர் பெயர்

ஒரு கோப்புக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
புளியந்தோப்பு, வாரியக் குடியிருப்பு, மூன்றாம் மாடி.
அரிசி டிரம்மின் மேல் மடிக்கணினி,
காதில் தம்பியின் ஹெட்போன்.
அதன் இடப்பக்கம் அடிக்கடி செத்துப்போகும்.

எங்கோ ஓர் ஒலிக் காப்பகம்
பழைய நாடாக்களைக் கணினியில் ஏற்றிவிட்டு
கேட்பதற்கு ஆள் தேடியது.
நான் கேட்கிறேன்.
நிமிடத்துக்கு ஒருமுறை, காதில் விழுவதை
மைக்கில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை:
"பெண் குரல்கள், நான்கோ ஐந்தோ.
கைதட்டல். பூச்சிகள்.
யாரோ இருமுகிறார்."

மத்திய ஆப்பிரிக்கா, ஒரு காட்டாற்றின் கரை.
பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கித்
தண்ணீரையே அடிக்கிறார்கள்.
உள்ளங்கை குவித்து ஓர் அடி, விரித்து ஓர் அடி.
ஆற்றுக்குத் தோல் இருக்கிறதென்று
முதல் தடவை கேட்டபோது நம்பிவிட்டேன்.
லாரித் தண்ணி வந்த அன்று
குடத்துக்குள் கைவிட்டு அடித்துப் பார்த்தேன்.
பின்னால் நின்ற ஸ்டெல்லா சொன்னாள்:
"இன்னா மேளம் அட்சினுகீற, நவுரு."

கோப்பு 0417. இறந்தவருக்காக ஆடுவது.
ஒருத்தி தொடங்குகிறாள். அவள் முடிக்கும் முன்பே
அடுத்தவள் வேறு வழியில் நுழைகிறாள்.
மூன்றாமவள் இரண்டுக்கும் நடுவில்,
நெரிசல் பஸ்ஸில் கம்பியைத் தேடி
இடம் கண்டுபிடிக்கும் கை மாதிரி.
யாரும் யாரையும் தள்ளவில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி:
சடங்கா, கேளிக்கையா?
ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.

அன்று கீழே துலுக்காணம் செத்திருந்தார்.
மீன்பாடி வண்டிக்காரர்.
எனக்கு இருநூறு ரூபாய் பாக்கி.
பேப்பரைக் கொளுத்திப் பறை காய்ச்சினார்கள்.
மருமகன் அழுதபடியே துண்டைச் சுழற்றி ஆடினான்,
ஒரு கட்டத்தில் சிரித்தபடியும்.
அவன் சட்டையில் யாரோ பத்து ரூபாய் குத்தினார்கள்.
சடங்கா, கேளிக்கையா?
என் ஜன்னலுக்கு ஒரே கதவு, அதுவும் சாத்தாது.
நான் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன்:
"நான்காவது பெண் தாமதமாகச் சேர்கிறாள்."
எதையும் தேர்ந்தெடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

பதினாறாம் நாள் கோப்பு திரும்பியது,
சரிபார்ப்பவரின் குறிப்போடு:
"ஆறாம் நிமிடம், நாற்பதாம் நொடியில்
இரண்டாவது மேளக்குழு ஒன்று கேட்கிறது.
இதுவரை எவரும் குறிப்பிடாதது.
பாட்டின் தாளத்தோடு பொருந்தவில்லை,
ஆனால் விலகவும் இல்லை.
அடையாளம் காண இயலுமா?"

இயலும்.

முன்னூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் கேட்டிருக்கிறேன்.
நிகழ்த்தியவர் பெயர் என்ற கட்டத்தில்
எல்லாவற்றிலும் ஒரே சொல்: தெரியவில்லை.
பதிவு செய்தவரின் பெயர் இருக்கும்,
மைக்கின் மாடல் இருக்கும்,
அன்று மழை பெய்ததா என்பதுகூட.

தட்டினேன்:
பறை, தேசிங்கு. அவர் மச்சான் வெள்ளக்கண்ணு.
சட்டி மேளம், எத்திராஜ், ஆடுதொட்டிப் பின்தெரு.
டோலு, நாகூரான்,
பகலில் பேசின் பிரிட்ஜில் மூட்டை இறக்குகிறவர்.
ஆட்டம்,
மருமகனின் பெயர் தெரியவில்லை.
கருமாதிப் பந்தலுக்கு இறங்கிப்போய்க் கேட்டேன்.
வாயில் வடையோடு சொன்னான்: கோதண்டம். எதுக்கு?

அந்தக் கோப்புக்குக் காசு வரவில்லை.
இருநூறும் இனி வராது.

ராத்திரி 0417-ஐ மறுபடி போட்டேன்,
என் குரல் இல்லாத மூல ஒலியை.
முதல் நிமிடத்தில் ஒருவர் இருமுகிறாரே,
உடனே ஒரு பெண் சின்னதாக ஏதோ சொல்கிறாள்.
இரண்டே அசை.
திட்டாகவும் இருக்கலாம்.
பெயராகவும் இருக்கலாம்.
அதற்குள் இடப்பக்கம் செத்துவிட்டது.
ஒயரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு
திரும்பவும் முதலிலிருந்து ஓட்டினேன்.